திரையில் வைக்க நாலு வரி

அம்மாவுக்கு ஸ்தோத்திரம்.

போன் இருக்கும்போது கடிதம் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். போனில் "நல்லா இருக்கேன்" என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு வருவதில்லை. முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

மும்பை வந்ததும் செம்பூர் ஆபீசில் எனக்கு லினக்ஸ் கம்ப்யூட்டர் கொடுத்திருக்கிறார்கள். திரையை நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். காலையில் நீலமாக்குகிறேன், மத்தியானம் பச்சையாக்குகிறேன். கீழே இருந்த பட்டையை மேலே ஏற்றினேன், மறுநாள் இடப்பக்கம் தள்ளினேன். எதுவும் மனதுக்குப் பிடித்து நிற்பதில்லை.

போன வாரம் எழுத்தையெல்லாம் தமிழாக்கினேன். நான் சாப்பிடப் போயிருந்தபோது அதில் உட்கார்ந்த பக்கத்து சீட் ரஞ்சனா, "இதுல பந்த் பண்றது எதுடி? எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது" என்று கூப்பிட்டாள். மாட்டுங்காவிலேயே பிறந்தவள், மூடுவதைக்கூட இந்தியில் பந்த் என்றுதான் சொல்வாள். இங்கே வந்த மூன்று மாதத்தில் அன்றுதான் ஆபீசில் வாய்விட்டுச் சிரித்தேன்.

இட்லிப் பொடியும் என் பழைய போர்வையும் அனுப்புங்கள்.

இன்னொன்று. உங்கள் கையால் நாலு வரி எழுதி அனுப்புங்கள். அதைப் படமெடுத்துத் திரையில் வைப்பேன், மாற்ற மாட்டேன். பிழை வந்தாலும் வெட்கப்பட வேண்டாம், இந்த ஆபீசில் என்னைத் தவிர யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. "வந்துரு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் அம்மா. எழுதினால் அன்றைக்கே ரயில் ஏறிவிடுவேன்.

ஜெபசெல்வி