வைன் இல்லாமல் ஓடாது

என் அருமைத் தம்பி முரளிக்கு,

நீ போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. நீ சிங்கப்பூர் போகும் முன்பும், திரும்பி வந்த பிறகும் பெங்களூரில் உன்னோடு ஒரே அறையில் இருந்த சீனு, கருமாதிக்கு வந்தபோது உன் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். அதைத் திருப்பதிக்கு எடுத்துவந்து பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் திறந்தேன்.

திறந்தபோது எனக்கு உன்மேல் ஒரு கோபமும் இல்லை. அந்தக் கார் ரேஸ் உள்ளே இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஆசை. திருப்பதியில் படித்த நாட்களில் பிரௌசிங் சென்டரில் ஒரே கீபோர்டில் இரண்டு பேரும் ஆடுவோமே. இடது பக்கத்து எழுத்துகள் எனக்கு, அம்புக்குறிகள் உனக்கு. வளைவு வரும்போதெல்லாம் முழங்கையால் என்னை இடிப்பாய்.

இருந்தது. அழுத்தினேன். திரை கறுப்பாகி மூடிக்கொண்டது. நாலு முறையும் அப்படியே. சீனுவுக்குப் போன் போட்டேன்.

"அது விண்டோஸ் கேம்க்கா. முரளி வச்சிருந்தது லினக்ஸு. நேரா ஓடாது, வைன் வழியாத்தான் ஓடணும். புது வைன் ஒத்துக்கலபோல. பழைய வைனுக்கு மாத்துங்க."

வைன். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பு கூசியது. ஏன் என்று உனக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது, அவர்களுக்காகவும் சொல்லவேண்டியிருக்கிறது.

பதினேழு வருஷத்துக்கு முந்தைய சங்கராந்தி. பிச்சாட்டூர் வீட்டுக்கு நீ கம்ப்யூட்டரோடு வந்திருந்தாய். நகரி மாமா மகள் தேவகிக்கும் உனக்கும் வெற்றிலை பாக்கு மாற்றி இருபது நாள்தான் ஆகியிருந்தது. தேவகி எனக்கு மாமன் மகள் மட்டுமா? திருப்பதி ஹாஸ்டலில் இரண்டு வருஷம் என் அறையில் இருந்தவள். அவளுடைய அக்கா ஒரு குடிகாரனைக் கட்டிக்கொண்டு, தாலியை இழந்து, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். "குருடனைக் கூட கட்டிக்குவேன் அண்ணி, குடிக்கிறவன் வாணாம்" என்று தேவகி என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாள். அது உனக்கும் தெரியும்.

நான் காபி கொண்டுவந்தேன். உள் அறையில் நீ போனில் பேசிக்கொண்டிருந்தாய்.

"வைன் இல்லாம எனுக்கு ஒண்ணும் ஓடாதுடா. பழசுதான் நல்லா இருக்குது. புதுசு போட்டா எல்லாம் கருப்பா பூடுது. நேத்து மூணு தபா போட்டேன், மூணு தபாவும் உழுந்துட்ச்சி."

நம் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். புத்தூர் போகிற வழியெல்லாம் சாராயக் கடைகளின் மேலே 'வைன்ஸ்' என்றுதானே போர்டு தொங்குகிறது. எனக்கு விண்டோஸ் தெரியும். லினக்ஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

"நீ வைன் போடுறியாடா?" என்று கேட்டேன். நீ என்னை ஒரு நிமிடம் பார்த்தாய். "போடுறேன்க்கா. இன்னா இப்போ?" என்றாய்.

சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் நகரிக்குப் பஸ் ஏறிப்போய் தேவகியிடம் சொன்னேன். கல்யாணம் ஆனபிறகு தெரிந்தால் அவள் என் முகத்தில் எப்படி விழிப்பாள்? மாமா புறப்பட்டு வந்து உன்னைக் கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். வாயே திறக்கவில்லை. சம்பந்தம் அன்றோடு முறிந்தது.

இரண்டு மாதம் கழித்து, தேவகிக்கு வேறு இடத்தில் தேதி குறித்த பிறகு, நீ நைனாவிடம் சிரித்துக்கொண்டே விளக்கினாய். வைன் என்பது குடிக்கிறது இல்லையாம். விண்டோஸ் விளையாட்டு கேட்பதை லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்கிற ஒரு புரோகிராமாம். "தாசில்தார் ஆபீஸ்ல நீ தமிழ்ல சொல்றத அக்கா தெலுங்குல சொல்லுதில்ல நைனா, அத்த மாதிரி" என்றாய். அப்படியானால் மாமா கேட்டபோது ஏன் பேசவில்லை? "கூடப்பொறந்தவளே என்னக் குடிகாரன்னு நெனச்சிட்டாளேன்னு வாயடச்சிப் போச்சி" என்றாய். நைனா அழுதார். நானும் அழுதேன்.

அதற்குப் பிறகு எனக்கு நடந்ததெல்லாம் நீ பார்த்ததுதான். கல்யாணம் காட்சி எங்கே போனாலும் யாராவது ஒருத்தர் சிரிப்பார். அத்தை ஒருமுறை புத்தூர் மண்டபத்தில் எல்லார் எதிரிலும் சொன்னாள்: "டிகிரி படிச்சி இன்னா ஆவுறது? வைனுக்கும் வைன்ஸுக்கும் வித்தியாசம் தெர்ல. தெர்லயோ, தெரிஞ்சே எம்பொண்ணு மேல வயித்தெரிச்சலோ, யாரு கண்டா?" பக்கத்தில் நின்ற தேவகி என்னைப் பார்க்கவில்லை. அவள் என்னோடு பேசுவதை விட்டே அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சீனு சொல்லச் சொல்லப் பழைய வைனுக்கு மாற்றினேன். அவன் அந்தப் பக்கம் சிரித்தான்.

"வைன்னாலே எனுக்கு சிரிப்பு வந்துடுதுக்கா. அன்னிக்கி இன்னா ஆக்டிங்கு குடுத்தீங்க ரெண்டு பேரும்!"

"ரெண்டு பேரா? யாரு?"

"நீங்களும் முரளியும்தான். அந்தப் போன்ல இந்தப் பக்கம் நான்தான இருந்தேன். 'அக்கா கதவாண்ட வந்துட்சி, இப்போ ஆரம்பிக்கிறேன், நீ சும்மா ஊம் கொட்டு'ன்னான். 'அக்காவும் நானும் சேந்து போட்ட ப்ளானு'ன்னு சொன்னானே?"

"ப்ளானா?" என்றேன்.

"அக்கா... உங்களுக்குத் தெரியாதா?"

அந்த நேரம் பார்த்து உன் விளையாட்டு ஓட ஆரம்பித்தது. இன்ஜின் சத்தம், பாட்டு, கொடி ஆட்டுகிற பெண். சத்தத்தைக் குறைக்க எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் லேப்டாப்பையே மூடினேன்.

காரணத்தை அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். மாமாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. நகரியில் பவர்லூம் ஷெட்டைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்கவேண்டும் என்பது பேச்சு. உனக்கோ சிங்கப்பூர் வேலை கைக்கு வந்திருந்தது. சரி. நம் ஊரில் படித்தவர்கள் எல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய காலம் அது. நீ போக ஆசைப்பட்டதில் என்ன தப்பு? ஆனால் என்னிடம் வந்து "வாணாம்க்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நைனாவோடு உனக்காக நான் சண்டை போட்டிருக்கமாட்டேனா? உன் இன்ஜினியரிங் சீட்டுக்கு மூன்று நாள் பட்டினி கிடந்தவள் யார்?

இதெல்லாம் கூட வயசுக் கோளாறு என்று விட்டுவிடலாம். அம்மா செத்த நாளை என்ன செய்வது?

நீ சிங்கப்பூரிலிருந்து ஓடிவந்திருந்தாய். மாமா வரவில்லை. கூடப்பிறந்த தங்கைக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை வரவேண்டும் என்று மதியம் இரண்டு மணி வரை பிணத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். வரவில்லை. கடையில் வாங்கியதைப் போர்த்தி எடுத்தோம். "என்னாலதான்டா, என்னாலதான்டா" என்று உன் தோளில் விழுந்து கதறினேன். நீ என் முதுகைத் தடவிக்கொடுத்து, "வுடுக்கா, நீ வேணும்னா செஞ்ச?" என்றாய்.

முரளி, எப்படி அந்த வாக்கியம் உன் வாயில் வந்தது?

நான் இந்த வாரம் முழுக்க அந்த வைனைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தான் ஓடுவது விண்டோஸில் இல்லை என்று அந்த விளையாட்டுக்குக் கடைசிவரை தெரியாதாம். கேட்டதற்கெல்லாம் சரியான பதில் வந்துகொண்டிருப்பதால் சந்தேகமே வராதாம். நானும் அப்படித்தானே பதினேழு வருஷம் ஓடியிருக்கிறேன்? தீபாவளிக்குத் தீபாவளி புடவை அனுப்பினாய். உடம்பு சரியில்லை என்றால் மூன்று வேளை போன் செய்தாய். அதெல்லாம் பாசமா, இதற்குச் செய்த ஈடா? கேட்க ஆள் இல்லாமல் செய்துவிட்டாய்.

சீனு மறுநாள் காலையிலும் போன் செய்தான். "வுட்டுடுங்கக்கா. செத்தவன் மேல எதுக்குப் பழி?" என்றான். உயிரோடு இருக்கிறவள் மேல் மட்டும் இருக்கலாமா என்று கேட்டேன். நைனா உன் படத்துக்குத் தினம் சாமந்தி வாங்கிப் போட்டு, வருகிறவர்களிடமெல்லாம் "ஒரு பீடி பத்த வச்சதில்ல எம்புள்ள" என்கிறார். அவரிடம் சொல்வதா வேண்டாமா, எனக்குத் தெரியவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. யாரும் இதை வாசித்துக் காட்டாமல் இருந்தால் போதும்.

ஆனால் தேவகிக்கு நேற்று போன் செய்தேன். யாரென்று சொன்னேன். எங்கோ தறி ஓடுவது மட்டும் கேட்டது. போனை வெட்டிவிடுவாளோ என்று பயந்து, சீனு சொன்னதை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் கேட்டாள்: "அப்போ நீ பொய் சொல்லலியா அண்ணி?"

"இல்லடி."

"உன்ன எப்டியெல்லாம் திட்னேன் தெரியுமா?"

"தெரியும்."

"போன்ல வாணாம். ஞாயித்துக்கெழம நகரி வூட்டுக்கு வா. அம்மா எதிர்ல சொல்லு. மண்டபத்துல சிரிச்சவங்களையும் கூப்புட்டு வக்கிறேன்."

போகிறேன் முரளி. நீ தலையைக் குனிந்து நின்றதிலிருந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தது வரைக்கும் சொல்லப்போகிறேன். உன்னைக் காப்பாற்ற ஒரு வார்த்தையும் குறைக்கமாட்டேன். ஆத்திரத்தில் ஒரு வார்த்தையும் கூட்டமாட்டேன். அவர்கள் உன்னைத் திட்டுவார்கள். நான் தடுக்கமாட்டேன், கூடச் சேர்ந்து திட்டவும் மாட்டேன். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதுவரைதான் என்னால் முடியும்.

இன்னும் உன்னை மன்னிக்காத, ஆனாலும் உன் அக்காவாகவே இருக்கிற
கஸ்தூரி