கேட்காரர் தூங்கவில்லை

திருநின்றவூர்
12-7-1936

அன்புள்ள தாஸ்,

இங்கே எல்லோரும் சுகமே. பூந்தமல்லியில் உன் அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா? நாம் படித்த காலத்தில் அவர் கையால் சாப்பிட்டதை நான் மறக்கவில்லை என்று சொல்.

உன் பத்திரிகையின் 'ஊர்ச் செய்தி'க்கு எழுதச் சொன்னாய். செய்திக்கா இங்கே பஞ்சம்? தெருவுக்குப் போட என்று கொட்டிய கப்பிக் குவியலில் ஆடு ஏறி நிற்கிறது. வர்ணம் பூச எடுத்துப்போன தபால்பெட்டி இரண்டு மாதமாகத் திரும்பவில்லை. மனு எழுதிப் பிழைக்கிற நானே ஏழு மனு போட்டுவிட்டேன். பதில் இல்லை.

எல்லாவற்றையும்விடத் தொல்லை ரயில்வே கேட். காலையில் கூட்ஸ் வண்டிக்காக மூடினால் முக்கால் மணி நேரம் திறப்பதில்லை. கீரை வண்டிகள் அந்தப் பக்கம் நிற்க, பட்டணம் போகும் ரயில் அவர்கள் கண்ணெதிரே போய்விடுகிறது. நேற்று பொன்னம்மாள் வாடிய கீரையை அங்கேயே மாட்டுக்குப் போட்டுவிட்டு அழுதாள். இவை எல்லாவற்றையும் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் அன்பு நண்பன்,
நாகேந்திரன்

சென்னை
21-7-1936

பிரிய நாகேந்திரா,

ஆண்டவர் கிருபையால் அம்மா இப்போது கோல் இல்லாமல் நடக்கிறார். உன்னை விசாரித்தார்.

உன் செய்தி இந்த வாரம் வந்துவிட்டது. கொஞ்சம் கை வைத்தேன், கோபித்துக்கொள்ளாதே. வெறும் புகாரை ஆசிரியர் தொடவே மாட்டார். அதில் ஓர் ஆள் இருக்க வேண்டும். 'கேட்காரர் தூங்குகிறார்' என்று தலைப்புப் போட்டு, உள்ளேயும் ஒரு வரி சேர்த்தேன். ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த செய்தியைச் சீக்கிரம் அனுப்பு.

என்றும் உன்,
கிறிஸ்துதாஸ்

திருநின்றவூர்
2-8-1936

அன்புள்ள தாஸ்,

உன் பேனா வாழ்க! சலூன்காரர் கோதண்டம் செய்தியை உரக்கப் படித்தார். முகத்தில் சோப்போடு இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். 'நம் நிருபர்' என்று மட்டும் போட்டிருந்தாலும் எழுதியது நான்தான் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. போகிற இடமெல்லாம் காப்பி. மூன்றாம் நாள் தபால்பெட்டி திரும்பியது! கப்பியும் பரப்புகிறார்கள். நேற்று ரயில்வே அதிகாரி ஒருவர் டிராலியில் வந்து கேட்டைப் பார்த்துவிட்டுப் போனார்.

தூங்குவதாக நான் எழுதவில்லையே என்று முதலில் உறுத்தியது. பிறகு விட்டுவிட்டேன்.

உன்,
நாகேந்திரன்

திருநின்றவூர்
19-8-1936

அன்புள்ள தாஸ்,

இதைப் படித்ததும் பதில் எழுது.

கேட்காரர் கன்னியப்பனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். கேட்டை ஒட்டிய குடியிருப்பையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இன்று காலை மனைவி எல்லம்மாவுடன் என்னிடம் வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஒரு மனு எழுதிக் குடுங்க நைனா. திரும்ப வேல கேட்டு."

"என்னிடமா வந்தாய், கன்னியப்பா?"

"நீங்கதான் எழுதினீங்கன்னு தெரியும். நீங்க எழுதினா நடக்குதுன்னும் ஊரே சொல்லுது. அதான் உங்ககிட்டயே வந்தேன்." பிறகு கேட்டார்: "நான் தூங்கிக்கினு இருந்தத எப்ப பாத்தீங்க நைனா?"

நான் பார்க்கவில்லை, தாஸ். யாருமே பார்க்கவில்லை. ஸ்டேஷனிலிருந்து மணி வரும்வரை திறக்கக் கூடாது என்பது அவருக்கு உத்தரவாம். பதினெட்டு வருஷம் அப்படியே நின்றிருக்கிறார். நான் ஒரு வார்த்தை அவரிடம் விசாரித்திருக்கலாம்.

அந்த வரி செய்தியாளர் எழுதியதல்ல, அலுவலகத்தில் சேர்த்தது என்று உன் பத்திரிகையிலிருந்து ஒரு கடிதம் வாங்கி அனுப்பு. மனுவோடு இணைக்கிறேன்.

நாகேந்திரன்

சென்னை
25-8-1936

பிரிய நாகேந்திரா,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் நீ கேட்டது என்னால் ஆகாது. நான் சேர்த்த வரி என்று ஆசிரியருக்குத் தெரியாது. தெரிந்தால் அன்றே சீட்டுக் கிழிந்துவிடும். தங்கை ஜெயசீலிக்கு ஜனவரியில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் என் வேலையைப் பார்த்துத்தான் சம்மதித்தார்கள்.

'அச்சுப்பிழை' என்று பொதுவாக எழுதிப் பார். உன் மனுவுக்கு மசியாதவர் உண்டா? என் நிலைமையை நீ புரிந்துகொள்வாய்.

உன்,
கிறிஸ்துதாஸ்

திருநின்றவூர்
21-9-1936

தாஸ்,

நீ சொன்னபடியே எழுதினேன். பத்திரிகையே மறுக்காத செய்தி என்று மனு திரும்பி வந்தது. பிறகு நானே பட்டணம் போய் அதிகாரி முன் நின்றேன். எழுதியது நான், அவர் தூங்கி நான் பார்த்ததில்லை என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை. "முதல் வாரமே வந்து சொல்லியிருக்க வேண்டும். இப்போது வேறு ஆள் போட்டாயிற்று" என்றார். முதல் வாரம் நான் ஊர்க் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

கன்னியப்பனும் எல்லம்மாவும் இப்போது ஆவடிப் பக்கம் சூளையில் செங்கல் சுமக்கிறார்கள். போய்ச் சொன்னேன். அவர் தலையாட்டினார். அவள்தான் பேசினாள்.

"ஆபீஸ்ல சொன்னா இன்னா, சொல்லாங்காட்டி இன்னா? நம்ம ஊர்ல சொல்லு நைனா. அங்கதானே சிரிச்சாங்க."

நேற்று காலை கேட்டருகே, வண்டிக்காரர்கள் எல்லோரும் இருக்கும்போது உரக்கச் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. பொன்னம்மாள் மட்டும், "அத்த இப்ப எதுக்குக் கெளப்பறே? புது ஆளு மணிக்குக்கூட நிக்காம தொறந்து உடறான், ரயிலு புடிக்கிறோம். உட்டுத் தள்ளு நைனா" என்றாள். அதற்குள் கேட் திறந்தது. வண்டிகள் போய்விட்டன.

ஆகவே நான்கு வரி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கன்னியப்பன் தூங்கவில்லை, எழுதியவன் தவறு என்று. கீழே 'நம் நிருபர்' இல்லை. என் முழுப்பெயர் இருக்கிறது. இதைப் போட்டால் ஆசிரியர் உன்னைக் கேள்வி கேட்பார் என்று எனக்குத் தெரியும். கல்யாணமும் தெரியும். தெரிந்தேதான் அனுப்புகிறேன்.

நாகேந்திரன்

திருநின்றவூர்
10-1-1937

திரு. கிறிஸ்துதாஸ் அவர்களுக்கு,

கல்யாண அழைப்பு கிடைத்தது. அம்மாவுக்கு என் நமஸ்காரம். ஜெயசீலி நீடூழி வாழட்டும். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் நான் வருவதற்கில்லை.

உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. நீ ஒரு வரி சேர்த்தாய். நான் அதை ஊரெல்லாம் சுமந்து திரிந்தேன். நேரில் பார்த்தால் நாம் இருவரும் அதைப் பேசாமலிருக்கத்தான் பாடுபடுவோம். அந்தப் பாடு வேண்டாம்.

நீ அனுப்பும் பத்திரிகை வாராவாரம் தவறாமல் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை எடுத்துக்கொண்டு சூளைக்குப் போவேன். எல்லம்மா கைமண்ணைத் தட்டிக்கொண்டே, "வந்துச்சா நைனா?" என்பாள். 'ஊர்ச் செய்தி'யை முதலிலிருந்து கடைசிவரை படித்துக் காட்டுவேன். அந்த நான்கு வரி இருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்கவில்லை.

இனிமேல் பத்திரிகை அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
நாகேந்திரன்