தொண்ணூறு கிலோ

நாள் 12, 06:40
இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் இசக்கியம்மாள், இந்த மீட்புக் கலத்தின் ஒரே ஆள். செவ்வாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அங்கே ஆய்வு நிலையத்தில் ஜெபமணி அண்ணாச்சி அடைபட்டுக் கிடக்கிறார். புழுதிப் புயலில் வெளிக்கதவின் மோட்டார் எரிந்துவிட்டது. இனி அதை வெளியே இருக்கும் கைச்சக்கரத்தால்தான் திறக்க முடியும். இருபத்தெட்டுச் சுற்று, அறுபது கிலோ இழுவை. காற்று உருளைகள் எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால் உள்ள அறையில். அந்த அறையின் உள்கதவும் அதோடு பூட்டிக்கொண்டதால், அவர் உள்பக்கமிருந்து அவற்றை எட்ட முடியாது. அவரிடம் இருக்கும் காற்று நாள் 208 வரை வரும். நான் இறங்குவதும் நாள் 208.
கலம் சீர். உடற்பயிற்சி 45 நிமிடம்.

நாள் 31, 07:15
எடையில்லாத இடத்தில் இரும்புக் குண்டு உதவாது. இங்கே காற்று உறிஞ்சப்பட்ட இரண்டு குழல்கள் ஒரு கம்பியை இழுத்துப் பிடிக்கும். அதை எதிர்த்துத் தூக்க வேண்டும். முகப்பில் எண்ணைத் திருகி வைத்தால் அத்தனை கிலோ. நான் இருபது வைத்து முப்பது தடவை தூக்கிவந்தேன். பயிற்சியாளர் தணிகைவேலுக்குப் பொறுக்கவில்லை.
"லேசா முப்பது தடவை பண்ணாலும் தசை வரும், இல்லேங்கல. ஆனா ஒரே இழுப்புல அறுபது கிலோ வேணும்னா கனத்தைத்தான் தூக்கணும். அஞ்சு தடவை போதும். எலும்பும் அப்பதான் தாங்கும்."
அவருக்கென்ன, பூமியில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிடுவார். ஐந்து எண்ணுவதற்குள் தீர்ந்துவிடுகிறது. பிறகு அந்த நாள் முழுக்கப் பேச ஆள் கிடையாது. முப்பது எண்ணினால் கொஞ்ச நேரமாவது என் குரல் கேட்கும். ஆனாலும் கனத்துக்கு மாறிவிட்டேன்.

நாள் 96, 07:05
55 கிலோ, ஐந்து தடவை, நான்கு சுற்று. வாரம் ஒருமுறை வில்தராசை மாட்டி எந்திரத்தைச் சரிபார்க்க வேண்டும். பார்த்தேன், சரி.

நாள் 151, 06:50
தொண்ணூறு! ஐந்து தடவையும் முழுசாக. அண்ணாச்சிக்கு உடனே சொன்னேன். பதில்:
"ஏயம்மா! தொண்ணூறா? கதவைத் திறக்கச் சொன்னா நீ பேத்தே எடுத்துருவ போலிருக்கே. மெதுவா வா தாயி, நானும் உள்ள இருக்கேன்."
நாலு மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். அவருக்கும் தினம் நான் சொல்லும் எண்தான் ஒரே நல்ல செய்தி. தராசு வைத்து ஏழு வாரமாகிறது. ஏறும் எண்ணைப் பார்த்தபின் அது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

நாள் 197, 07:30
சோற்றுப் பொட்டலப் பெட்டி இறுகிக்கொண்டது. என்னால் திறக்க முடியவில்லை. தொண்ணூறு கிலோ தூக்குகிறவளால் ஒரு பெட்டியைத் திறக்க முடியவில்லை.
வில்தராசை எடுத்து மாட்டினேன். முகப்பில் 90. தராசில் 31.

நாள் 197, 08:10
குழலின் வாஷர் வெடித்துக் காற்று உள்ளே கசிந்திருக்கிறது. மாற்று வாஷர் இல்லை. மாதக் கணக்காக நான் கனம் என்று நினைத்துத் தூக்கியதெல்லாம் லேசு. தராசைச் சுவரில் கட்டி முழு மூச்சாக இழுத்தேன். 38.
பாவி நான். பாவி.

நாள் 197, 13:00
அண்ணாச்சியிடம் மறைக்கவில்லை. பதில்:
"அழாத இசக்கி. ஒரு குழாயைக் கொண்டு வா. சக்கரத்துப் பிடியில மாட்டி நீட்டினா பாதிக் கனம் போதும். நேரம்தான் கூட ஆகும். நேரம் இருக்கும்லா?"
இருக்கும் என்று சொன்னேன்.

நாள் 208, 10:00. குரல் பதிவு
இறங்கிவிட்டேன். கலத்திலிருந்து நாற்பது நிமிட நடை. உடையில் காற்று 14:20 வரை. குழாயோடு சக்கரம் அசைகிறது. ஆனால் குழாய் சுவரில் இடிக்கிறது; கால் சுற்றுக்கு ஒருமுறை கழற்றி மாட்ட வேண்டும்.

13:38. குரல் பதிவு
22 சுற்று. கலத்துக்குத் திரும்புவதானால் இப்போதே கிளம்ப வேண்டும். போய்க் காற்று நிரப்பி வருவதற்குள் அவர் இருக்கமாட்டார். இன்னும் ஆறு சுற்று. குழாயோடு இழுத்தால் ஒரு மணி நேரம் ஆகும். எனக்கு இருப்பது நாற்பத்திரண்டு நிமிடம்.
குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டேன். வெறும் சக்கரம். கனம்.

13:50
காலைச் சுவரில் ஊன்றி இழுத்தேன். நகர்ந்தது. 23.
"போயிரும்மா. நான் சொல்லுதேன்லா. போயிரு."
போகமாட்டேன் அண்ணாச்சி. சும்மா இருங்க.

13:58
24. வலது தோளில் ஏதோ முறிந்தது. சத்தம் எனக்கே கேட்டது.

14:05
25. இடது கை. அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். உள்ளேயிருந்து உள்கதவைத் தட்டுகிறார். இரும்பு வழியாகக் கையில் தெரிகிறது. இழுப்புக்கு ஒரு தட்டு.

14:11
26. தட்டு இல்லை.

14:17
27. தட்டு இல்லை.
இழுக்கிறேன்.