நின்று சொன்னால் செல்லாது

மாப்பிள்ளை,

எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். 'ழ' போடும்போது அதன் வால் கோட்டைத் தாண்டி அடுத்த வரிக்குள் போய்விடுகிறது. விடிந்ததும் உட்கார்ந்தேன். வெயில் வாசலுக்கு வந்துவிட்டது, நான் இன்னும் இந்த வரியில்தான் இருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் நானே போட்டது.

அடுப்பில் மல்லாட்டை வெந்துகொண்டிருக்கிறது. உப்பும் ஈர மண்ணும் கலந்த அந்தக் கடலை வாசனை வந்ததும் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போல ஆகிவிட்டது. இன்றைக்கே எழுதிவிடுவது என்று பேனாவை எடுத்தேன்.

கரும்பு லோடு டிராக்டரின் மேலிருந்து நான் தார் ரோட்டில் விழுந்து, தலையில் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பிய காலம் உனக்கு மறந்திருக்காது. நடக்க முடிந்தது. ஆனால் நடந்தால் நடை மட்டும்தான். யாராவது சாப்பிட்டாயா என்று கேட்டால் கால் அப்படியே நின்றுவிடும். பதிலைத் தேடப் போனால் காலைக் காணோம், காலைப் பார்த்தால் பதிலைக் காணோம். அதுவரை நடை தன்னைத் தானே பார்த்துக்கொண்டிருந்தது என்பதே எனக்குத் தெரியாது.

பயிற்சி கொடுத்த பிசியோதெரபி பெண், "தாத்தா நடக்கும்போது யாரும் பேச்சுக் குடுக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினாள். அதை நம் தெரு எடுத்துக்கொண்ட விதம்தான் வேடிக்கை. நான் வாசலைத் தாண்டினால் வீட்டுக்கு வீடு டிவி அடங்கும். விளையாடுகிற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக நிற்பார்கள். மணப்பட்டிலிருந்து வரும் மீன்கார அம்மா என்னைக் கண்டதும் கூவுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வாசலிலும் குனிந்து, "சங்கரா இருக்கு" என்று ரகசியம் போலச் சொல்லிவிட்டுப் போவாள். எல்லாம் பாசத்தில் செய்ததுதான். எனக்கோ என் சாவுக்கு நானே நடந்து போவது போல இருந்தது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு நீதான் கூட்டிப் போனாய். அந்தப் பெண் கூடவே நடந்தபடி என்ன பயிர் வைத்திருக்கிறேன் என்று கேட்டாள். நான் நின்றுவிட்டேன்.

"வீட்ல யாரும் இவர்கிட்ட பேசறதில்லையா?"

"நீதானம்மா பேசக்கூடாதுன்ன" என்றாய் நீ.

"ஐயோ, அது விழாம இருக்கறதுக்காக அப்ப சொன்னது. இப்ப காலு தேறிடுச்சு. நடந்துகிட்டே பேசணும், கையால எதையாவது செய்யணும். ரெண்டையும் சேர்த்துப் பார்க்க மனசு பழகணும். ஒருத்தர் பக்கத்துலயே இருங்க."

"பேசறதுதான? அத எங்கிட்ட உடு" என்றாய். என் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து என்னைக் கேலி செய்வது உனக்கு உரிமை. பதில் கொடுக்காமல் விட்டால் எனக்குத் தோல்வி. அந்தக் கேலி இப்படி ஒரு வைத்தியமாகும் என்று நம்மில் யார் நினைத்தோம்?

மறுநாளே பாகூர் ஏரிக்கரையில் என் சட்டைப் பை நிறைய மல்லாட்டையைக் கொட்டினாய். "உரிச்சிக்கினே வா. எனக்குப் பாதி, உனக்குப் பாதி." உரித்தால் கால் நின்றது, நடந்தால் மல்லாட்டை கீழே விழுந்தது. அதோடு உன் வாய் வேறு. "ஏன் மச்சான், ஒன் கல்யாணத்துல பாயசத்த வேட்டியில ஊத்திக்கினு, மழையில நனைஞ்சேன்னு சொன்னியே, அன்னிக்கு எங்கய்யா மழ பேஞ்சிது?" நான் நின்று, யோசித்து, நல்ல பதிலாக ஒன்றைச் சொன்னேன்.

"நின்னு சொன்னா செல்லாது" என்றாய். "நடந்துக்கினே சொல்லு."

கரை முழுக்க அதே பேச்சு. ஒருமுறை கோபத்தில் மல்லாட்டையை உன் மேலேயே வீசிவிட்டு விறுவிறுவென்று நடந்தேன். பின்னாலிருந்து நீ சொன்னாய்: "பாத்தியா, திட்டிக்கினே நடக்கற."

பிறகு உன் மகள் கல்யாணம் வந்தது. தாய்மாமன் சீர்த் தட்டைப் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் நான் ஏந்தி வர வேண்டும். மேளம், வெடி, எதிரில் வருகிறவர்களின் விசாரிப்பு, கையில் கனமான தட்டு. விழுந்தால் சீரே தெருவில் சிந்திவிடும். என் தம்பி எடுத்து வரட்டும் என்றார்கள் பெரியவர்கள். எனக்கும் அதுதான் நல்லது என்று பட்டது. நீ ஒத்துக்கொள்ளவில்லை. "மூத்தவன் குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போது தட்டு ஏன் எளையவன் கைக்குப் போவுது?"

பாதி வழியில் வெடி வெடித்தது. போட்டோக்காரன் இந்தப் பக்கம் பாருங்கள் என்றான். என் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. தட்டில் தேங்காய் உருண்டது. மண்டபத்தில் நிற்க வேண்டிய பெண்ணின் அப்பன், நீ, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாய். எனக்கு எதிரே பின்பக்கமாக நடந்துகொண்டே கேட்டாய்:

"இன்னா மச்சான், தட்டுல இருக்கறது பொடவையா, ஒன் பழைய வேட்டியா?"

என் கால் எடுத்து வைத்தது. "ஒன் கல்யாணத்துக்கு எங்கப்பா எடுத்துக் குடுத்த வேட்டிதான். இன்னும் தொவைக்காம வச்சிருந்தியே, அது."

தவில்காரர் கூடச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தபடி நிமிர்ந்தபோது மண்டபத்து வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தட்டு என் கையில் இருந்தது.

நெஞ்சு ஆபரேஷனுக்காக உன் மகன் உன்னைச் சென்னைக்கு அழைத்துப் போன அன்று, கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்றேன்.

"போன்னா நீ நின்னுக்கினுதான் பேசுவ. லெட்டர் போடு" என்றாய். பிறகு கண்ணைச் சிமிட்டி, "அட, நீதான் கைநாட்டாச்சே" என்றாய்.

நான் வாயைத் திறப்பதற்குள் கார் கிளம்பிவிட்டது. நீ திரும்பி வரவில்லை. அழுதுகொண்டிருந்த எனக்கு அதற்கு நடுவிலும் அந்தக் கேலிக்குப் பதில் கொடுக்காதது உறுத்தியது.

பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் உட்கார்ந்தேன். இப்போது நடந்துகொண்டே போர்டுகளைப் படிக்கிறேன். கிருமாம்பாக்கம் என்று கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடுகிறது, போகட்டும். எழுதும்போது பேசினால் பேனா நின்றுவிடுகிறது. இதைக் கண்டுகொண்ட என் வீட்டுக்காரி வேண்டுமென்றே பேச்சுக் கொடுக்கிறாள். இந்த வரியை எழுதும்போதுகூட, மல்லாட்டைக்கு உப்புப் போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன். பேனா நிற்கவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, நீ கேட்ட லெட்டர் இதுதான். கைநாட்டு என்றதற்கு என் பதிலும் இதுதான். இனி உன் முறை. நீ சும்மா இருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். தினமும் மல்லாட்டையை உரித்துக்கொண்டு ஏரிக்கரையில் நடக்கிறேன். ஒரு காது வண்டிக்கு, ஒரு காது உனக்கு. நீ சொல்வதைக் கேட்டு வைத்துக்கொண்டு, அடுத்த லெட்டரில் அதையும் நானே எழுதிவிடுகிறேன்.

உன் மச்சான்