மை பூசிய பெயர்

பெரம்பூர், சென்னை
4-2-2009

அனு அக்காவுக்கு விஜி எழுதுவது.

நலமா என்று கேட்டால் கோபம் வரும் உங்களுக்கு. இருந்தாலும் கேட்கிறேன். நானும் அவரும் நலம். நேற்று இரண்டு முறை போன் செய்தேன்; என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

இங்கே கடைத்தெரு நடைபாதையில் ஒருவர் குழந்தைக் கவுன்களைக் குவித்துப் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். மஞ்சள் கவுன், மார்பில் வாத்துப் படம். எடுத்துப் புரட்டினால் உள்ளே சாம்பிள் அட்டை. ‘கழுத்து இறுக்கம், அரை இஞ்ச் விடவும்’ என்று உங்கள் கையெழுத்து. ஒரு சாம்பிளைக்கூட வீணாக வெளியே விடுகிற ஆளா நீங்கள்? விற்றவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “செங்குன்றம் ரோட்டுல ஒரு குடோன்மா. திருப்பூர் சரக்கு மலையா கெடக்குது. கிலோ கணக்குல அள்ளிக்கினு வந்தேன்” என்றார். உங்கள் சரக்கை யாராவது திருடிவிட்டார்களா அக்கா?

நம்மிடம் சரக்கு எடுத்துக்கொண்டிருந்த ஹாலந்து பையரை நாச்சிமுத்து கம்பெனிக்கு நான்தான் காட்டிக் கொடுத்தேன் என்று சொல்லி என்னை வேலையை விட்டு அனுப்பினீர்கள். அதைப் பேச நான் இதை எழுதவில்லை. வாத்துக் கவுனைப் பற்றி மட்டும் பதில் போடுங்கள்.

விஜயராணி


முதலிபாளையம், திருப்பூர்
9-2-2009

விஜயராணிக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

என் சரக்குதான். யாரும் பூட்டை உடைத்துத் திருடவில்லை, நானே லாரி வைத்து அனுப்பினேன். தீபாவளிக்குப் பிறகு இங்கே யாருக்கும் ஆர்டர் இல்லை. பாதி மெஷின்களுக்கு உறை போட்டு மூடிவிட்டோம். அந்த நேரம் பார்த்து இன்டர்நெட்டில் ஒரு பையர் வந்தான். லண்டன் கம்பெனி என்றான். எல்லா அளவிலும் எல்லா நிறத்திலும் சாம்பிள் கேட்டான், அவனுடைய சென்னை ஏஜென்ட்டுக்கு அனுப்பினேன். சாம்பிளுக்குக் காசு கேட்கிற வழக்கம் நம் ஊரில் ஏது? அப்புறம் பெரிய ஆர்டர் கொடுத்தான். அந்த ஏஜென்ட்டின் குடோனில் இறக்கச் சொன்னான். பீஸ்களைச் சோதித்துவிட்டுக் கப்பலில் ஏற்றுவானாம். இறக்கிய மறுநாளிலிருந்து மெயிலுக்குப் பதில் இல்லை, போனும் எடுப்பதில்லை. குடோனுக்கு ஆள் அனுப்பினேன், பூட்டிக் கிடக்கிறதாம்.

இங்கே ஸ்டேஷனில் கேட்டால், “நீங்களா அனுப்பிச்சு வெச்சதை எப்படீங்க திருட்டுன்னு எழுதறது?” என்கிறார்கள்.

மார்ச் முடிவதற்குள் சரக்கு வராவிட்டால் பேங்க்காரர் கடனுக்கு மெஷின்களைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். கம்பெனி அதோடு முடிந்தது. முத்துப்பேச்சி நேற்று வந்து, “அக்கா, நான் வேற கம்பெனி பாக்கட்டுமா?” என்று கேட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் வீட்டுக்காரர் இந்த மாதிரிப் புகார்கள் எழுதித் தருகிறார் என்று கேள்விப்பட்டேன். மெயில்களை நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

அனுப்பிரியா


பெரம்பூர், சென்னை
14-2-2009

அனு அக்காவுக்கு,

கவரைப் பிரித்ததும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பையர் பெயர், மெயில் முகவரி இருந்த இடத்தில் எல்லாம் கறுப்பு மையைப் பூசி அனுப்பியிருக்கிறீர்களே! அவன் திருடன் அக்கா. திருடனையுமா நான் தட்டிக்கொண்டு போய்விடுவேன்? இவர் காகிதத்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “ஏளா, உங்க அக்கா திருடனுக்கு முக்காடு போட்டுல்லா அனுப்பியிருக்காங்க!” என்றார். விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் அடுப்படிக்குப் போனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் என்னைப் பற்றி அதே எண்ணம்தானா? மனதில் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இவருடைய கம்ப்யூட்டர் கடை போலீஸ் அலுவலகத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. மெயிலில் லாட்டரி விழுந்தது என்று நம்பியவர்கள், வெளிநாட்டு வேலை என்று ஏமாந்தவர்கள் எல்லோருக்கும் இவர்தான் புகார் தட்டிக் கொடுக்கிறார். “ஒத்த ஆளு புகார் மேசைக்குள்ள உறங்கிரும். நாலு பேரு சேந்து வந்தா அதுவே எந்திரிச்சு நடக்கும்” என்பார். இப்படிப்பட்டவன் உங்கள் ஒருவரோடு நின்றிருக்க மாட்டானாம். குடோனில் மலையாகக் கிடப்பது உங்கள் கவுன் மட்டுமா என்ன? உங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் விசாரியுங்கள். மை பூசாத நகலை உடனே அனுப்புங்கள்.

விஜி


முதலிபாளையம்
22-2-2009

அன்புள்ள விஜி,

பெயர் தெரிகிற நகல்கள் இத்துடன் இருக்கின்றன. நீ என்ன திட்டினாலும் தகும். என் கை அப்படிப் பழகிவிட்டது. கூடப் பிறந்த தரணீதரனுக்கே நான் ஒரு பையர் பெயரைச் சொன்னதில்லை, அவனும் எனக்குச் சொன்னதில்லை.

நீ சொன்னபடி ஒவ்வொரு கம்பெனியாக ஏறி இறங்கினேன். “அப்படி ஒரு பையரைக் கேள்விப்பட்டதே இல்லீங்க” என்று எல்லோரும் ஒரே பாட்டுப் பாடிக் காப்பி கொடுத்து அனுப்பினார்கள். ஏமாந்தது வெளியே தெரிந்தால் நூல்காரர் கடனுக்கு நூல் தர மாட்டார் என்ற பயம். கடைசியில் நாச்சிமுத்து கம்பெனி வாசலில் போய் நின்றேன். ஹாலந்து விவகாரத்துக்குப் பிறகு அந்த மனுஷர் எதிரே வந்தால் நான் ரோட்டைக் கடந்துவிடுவேன், உனக்குத் தெரியும். கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, “நான் ஏமாந்துட்டனுங்க” என்றேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “நானுந்தானுங்க அம்மிணி” என்றார்.

அவருக்கு வந்த மெயிலும் எனக்கு வந்ததும் அட்சரம் பிசகாமல் ஒன்றுதான். ‘திருப்பூரில் உங்கள் கம்பெனி ஒன்றை மட்டுமே நம்புகிறோம். வேறு யாருக்கும் தெரிய வேண்டாம்.’ பாவி நம் ஊர்க்காரர்களை எப்படிப் படித்து வைத்திருக்கிறான் பார். சொல்லாதே என்று அவன் சொல்லியிருக்கவே வேண்டாம், நாங்களே சொல்லியிருக்க மாட்டோம்.

நாச்சிமுத்து வாயைத் திறந்ததும் சேவூர் கிட்டுசாமி திறந்தார். அவரைப் பார்த்து லிங்கசாமி. இப்போது ஒரு வேன் நிறைய ஆள் சேர்ந்துவிட்டோம். வியாழக்கிழமை காலை அங்கே இருப்போம். குடோன் காலியாகக் கிடந்தால் என்ன செய்வேன் விஜி?

அனு


பெரம்பூர், சென்னை
20-3-2009

அன்புள்ள அக்கா,

பெட்டிகள் வந்து இறங்கிவிட்டதாக முத்துப்பேச்சி போன் செய்தாள். “பேங்க் மேனேஜர் வந்து எட்டிப் பாத்தாருக்கா. காப்பியக் குடிச்சிட்டு மெஷினத் தொடாமப் போயிட்டாரு” என்று ஒரே சிரிப்பு. வேறு கம்பெனி பார்க்கப் போவதில்லையாம். கேட்டதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அன்று போலீஸ்காரர் குடோன் பூட்டை உடைத்த நேரத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. லிங்கசாமி அண்ணன் தன் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாரே! தன் டிசைனை மற்றவர்கள் பார்க்காதபடி மறைத்துக்கொண்டு கிட்டுசாமி அண்ணன் அட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்தாரே, அந்த நேரத்திலும்! பிடிபட்ட ஏஜென்ட்தான் அந்த லண்டன் பையர் என்று இன்ஸ்பெக்டர் சொன்னபோது எல்லோர் முகமும் போன போக்கு இருக்கிறதே! நடைபாதைக்குப் போனது போனதுதான். கோர்ட்டில் பத்திரம் எழுதிக் கொடுத்து மீதி கைக்கு வந்ததே பெரிது.

இனி என் குறை. நான் எந்த நாச்சிமுத்துவிடம் உங்கள் பையரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்றீர்களோ, அதே நாச்சிமுத்து குடோன் வாசலில் என்னைக் காட்டி உங்களிடம் என்ன கேட்டார்? “ஏனுங்க அம்மிணி, இந்தப் புள்ளை யாருங்க?” என்று கேட்டார். என்னை அவருக்குத் தெரியவே தெரியாது. நீங்கள், “பொட்டியை எண்ணோணுங்க” என்று உள்ளே போய்விட்டீர்கள். வேன் கிளம்புகிற வரை நீங்கள் ஏதாவது சொல்வீர்கள் என்று நின்றேன். கையை ஆட்டிவிட்டுப் போனீர்கள்.

சரக்கு கிடைத்ததில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். இதற்கு மேல் எழுத எனக்கு எதுவும் இல்லை அக்கா.

விஜயராணி


முதலிபாளையம்
25-3-2009

என் விஜி கண்ணுக்கு,

நாச்சிமுத்து கேட்டது என் காதில் நன்றாகவே விழுந்தது. பெட்டி எண்ணப் போகிறேன் என்று போனவள் ஒன்றையும் எண்ணவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பும்போது வேனில் அவரிடம் கேட்டேன். அந்த ஹாலந்துக்காரர் கண்காட்சியில் தானாக வந்து அவர் கடையில் நின்றாராம். “அதுக்கு யாருங்க காட்டிக் குடுக்கோணும்?” என்றார்.

உன்னிடமிருந்து நான் பறித்தது உன் நல்ல பெயர். சரக்கை மீட்க நீ இருந்தாய்; உன் பெயரை மீட்டுத் தர என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? நேற்று எல்லா மெஷினையும் நிறுத்தச் சொன்னேன். கட்டிங், தையல், பேக்கிங் ஆட்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு, அன்றைக்கு உன்னைக் கள்ளி என்று எங்கே நிற்க வைத்துச் சொன்னேனோ அங்கேயே நின்று, “விஜி யாரையும் காட்டிக் குடுக்கலீங்க. நான் சொன்னது பொய்யுங்க” என்றேன். முத்துப்பேச்சிதான், “அது எங்களுக்கு அன்னைக்கே தெரியும்க்கா” என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இது கம்பெனிக்குள் நடந்தது. உன்னிடம் சொல்ல வேண்டியதைத் தபாலில் போட எனக்கு மனம் ஒப்பவில்லை. சனிக்கிழமை ராத்திரி வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை உன் வீட்டு வாசலில் நிற்பேன். கதவைத் திற கண்ணு. திட்டுவதாக இருந்தால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் திட்டு.

உன் அனு அக்கா