இடாப்பில் ஒன்பது பெயர்கள்

நவம்பர் 4, செவ்வாய்
தெற்குக் காற்று. பல்கனித் துணிகளில் சிவப்புப் புழுதி, மறுபடி அலச வேண்டும். முழங்கால் பரவாயில்லை. கபோ சந்தையில் கத்தரிக்காய், பூண்டு.

கா. 7க்கு ஆப்கான் பிள்ளை. மகள் வீட்டுவேலை செய்யும் இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டிலேயே இவளுக்கும் வேலை. இருபத்திரண்டு வயது. தங்கும் அறையில் ஆறு பேர், ஓயாத சத்தம். அதனால் மூன்று கிழமையாக எங்கள் பின்னறையிலிருந்து போன் வழியாகத் தன் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அங்கே ஆறாம் வகுப்போடு பெண்களுக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது. இங்கே இத்தாலியில் ஏழு என்றால் அங்கே பத்தரை, ஆண்கள் வெளியே போயிருக்கும் நேரம்.

நான் கதவுக்கு வெளியே கீரை ஆய்ந்தபடி. மொழி புரியாது. பெயர் கூப்பிடுவது மட்டும் புரியும். ஒன்பது பெயர், ஒன்பது சின்னக் குரல்.

நவம்பர் 5, புதன்
கோடு போட்ட கொப்பி ஒன்று வாங்கினேன். முப்பத்தொரு வருடப் பழக்கம் விடுமா? வரவு இடாப்பு. மேலே ஊர்ப்பெயர், கீழே ஒன்பது பெயரும் காதில் விழுந்தபடி தமிழில், வந்தவர்களுக்குச் சிவப்புக் கோடு. அழகாக வந்திருக்கிறது. படம் எடுத்து எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் குழுவுக்கு அனுப்பினேன், வகுப்பைப் பற்றி நாலு வரியும். நிறையக் கைதட்டல்.

நவம்பர் 6, வியாழன்
பாடத்துக்கு முன் இடாப்பை அவளிடம் கொடுத்தேன். எப்போதும் என்னை மாஎஸ்த்ரா, ஆசிரியை, என்பாள்; இன்று அதுவும் இல்லை. என்ன இது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சொன்னேன். ஒரு பெயர் கிடைத்தால் போதும், ஆட்சிக்காரர்கள் அந்த வீட்டுக்குப் போய்த் தகப்பனைக் கொண்டுபோவார்கள் என்றாள். தாளைக் கிழித்துக் குசினி அடுப்பில் எரித்தோம். படம் அனுப்பியதையும் சொன்னேன். பாடம் எடுக்காமலே போய்விட்டாள்.

மாலை, மகளிடம்:
"தமிழிலைதானே எழுதினனான். ஆர் வாசிக்கப் போறாங்கள்?"
"இஞ்சை பாருங்கோ அம்மா."
மொழிபெயர்க்கும் செயலியைத் திறந்து, படத்துக்கு மேல் தன் போனைப் பிடித்தாள். ஒன்பது பெயரும் இத்தாலிய எழுத்தில் வந்து நின்றன. ஊரும்.
"ஊருக்கெல்லாம் கணக்குப் படிப்பிச்சனீங்கள். இதை யோசிக்கேல்லையோ?"

குழுவில் அழித்தேன். அதற்குள் ரொறன்ரோவில் இருக்கும் மாஸ்டர் ஒருவர் பேஸ்புக்கில் போட்டிருந்தார். பாராட்டித்தான்.

நவம்பர் 7, வெள்ளி
அவள் ஊரில் ஆண்கள் வீட்டில் நிற்கும் நாள், வகுப்பில்லை. ஆனாலும் ஏழுக்கு வாசலைப் பார்த்தேன்.

மத்தியானம் ரொறன்ரோ மாஸ்டருக்குப் போன் எடுத்தேன். அங்கே விடியல், தூக்கக் குரல்.
"அந்தப் படத்தைப் பேஸ்புக்கிலையிருந்து எடுங்கோ மாஸ்டர்."
"ஏன் ரீச்சர்? நாலு பேர் அறியட்டும் எண்டுதான் போட்டனான்."
"நாலு பேரிலை ஒராள் பிழையான ஆள் எண்டால்?"
"சும்மா இருங்கோ. எங்கடை ஆக்கள்தானே பாக்கினம்."
"ஆமிக்காரரின்ரை சுற்றிவளைப்பிலை முகத்தைச் சாக்காலை மூடிக்கொண்டு தலையாட்டிக் காட்டிக்குடுத்தவன் ஆர் மாஸ்டர்? எங்கடை ஆள்தானே?"
"எடுக்கிறன்."
எடுத்துவிட்டார். மகள் தேடிப் பார்த்தாள், இல்லை.

போரில் இடம்பெயர்ந்தபோது சாறிகளை விட்டுவிட்டு இடாப்பைச் சுமந்தேன். பிறகு, படித்ததற்கு வேறு சான்றில்லாமல், அதைக் காட்டித்தான் என் வகுப்புப் பிள்ளைகள் சோதனை எழுதினார்கள். பெயர் எழுதினால் பிள்ளை தொலையாது என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

நவம்பர் 8, சனி
வரவில்லை. கத்தரிக்காய் அடிப்பிடித்தது. மகளிடம் கேட்டேன்:
"வேலையிலை கதைக்கிறாளோ?"
"ஓம். உங்களைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை."
பின்னறையைக் கூட்டி வைத்தேன்.

நவம்பர் 10, திங்கள்
மழை. ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்க மணி அடித்தது. அவள்தான், தலை நனைந்து. படம் போய்விட்டதை மகள் காட்டினாளாம். தேத்தண்ணீர் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். உரத்துப் பெயர் கூப்பிட்டது தன் பிழையும்தான் என்றாள்: "உண்மையான பள்ளிக்கூடம் போல இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன், மாஎஸ்த்ரா."

இனிப் பெயர் இல்லை. போன்களிலும் பொய்ப் பெயர், நாளுக்கொன்று. வந்தவர்கள் போனில் விரலால் ஒருமுறை தட்டினால் போதும். என்னை உள்ளே வந்து இருக்கச் சொன்னாள்.

தட்டல்கள். ஏழு. காத்திருந்தோம். பின்னங்கள் தொடங்கினாள். பாதியில் இன்னொன்று, மெதுவாக. எட்டு.

முடிந்ததும் கேட்டேன், வராதவள் யார் என்று.

தட்டலில் அது தெரியாது என்றாள்.