சயின்ஸ் என்று நம்பிச் சேர்த்த பேத்தியை உயிரியல் பிரிவுக்கு மாற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
மாயவன், த/பெ அய்யனார்,
மேல்மூலக்காடு, கல்வராயன்மலை வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கள்ளக்குறிச்சி.

பொருள்: நர்சிங் படிப்புக்கு உயிரியல் கட்டாயம் – பேத்தி கோகிலாவுக்குப் பள்ளியில் டி.சி. தர மறுப்பது – இன்றே கிடைக்க உத்தரவு வேண்டுவது.

மதிப்பிற்குரிய அய்யா,

1. நான் கைநாட்டு. நான் சொல்லச் சொல்ல இம்மனு எழுதப்படுகிறது.

2. என் மகள் சாலம்மாள் எட்டாவது தேறியதும் நர்சு படிப்பில் சேர்க்கக் கீழே அழைத்து வந்தேன். எட்டாவது செல்லாது, பத்தாவது வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கம் அன்று எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை. திருப்பி அனுப்பியவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார், நிமிர்ந்து பார்க்கவில்லை. சாலம்மாள் இன்று எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தைக் கூட்டிப் பெருக்குகிறாள். நர்சு வராத நாளில் பிரசவ வலியோடு வருகிறவர்கள் அவள் கையைத்தான் பிடிக்கிறார்கள். கையைக் கொடுப்பதைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியாது.

3. அவள் மகள் கோகிலா இவ்வருடம் பத்தாவது தேறினாள். "சயின்ஸ் குரூப்புல போடுங்க தாத்தா, அப்பதான் நர்சிங் காலேஜில எடுப்பாங்க" என்று அந்த நிலையத்து நர்சம்மா சொன்னார். பிள்ளை காய்ச்சலில் கிடந்ததால் நான் மட்டும் எங்கள் மலைப் பள்ளிக்குப் போய், நர்சு ஆவதற்கு சயின்ஸ் வேண்டும் என்று கேட்டேன். "கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்குது பெரியவரே" என்றார்கள். சயின்ஸ் என்று காதில் விழுந்தது, ரேகை வைத்தேன். அது வேறு, இது வேறு என்று அங்கே ஒருத்தரும் சொல்லவில்லை. உயிரியலுக்கு அங்கே ஆசிரியரே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

4. கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளியில் உயிரியல் பிரிவில் இடம் தருகிறார்கள், விடுதியும் உண்டு. டி.சி. கேட்டால் தலைமையாசிரியர், "இவ ஒருத்தி போனா தலைக்கணக்கு கம்மியாயிடும், குரூப்பையே எடுத்துடுவாங்க. மத்த புள்ளைங்க கதி இன்னா?" என்கிறார். அந்தப் பிள்ளைகளும் எங்கள் மலைப் பிள்ளைகள்தான். அவர்கள் படிப்பு நிற்கட்டும் என்று நான் கேட்கவில்லை. தலைக்கணக்குக்காக இவளை அங்கே உட்கார வைப்பது நியாயமா என்றுதான் கேட்கிறேன்.

5. சேர்க்கை இன்று மாலையோடு முடிகிறது. கம்ப்யூட்டரில் ஒரு தட்டு தட்டினால் டி.சி. இங்கேயே வந்துவிடும் என்கிறார்கள்.

ஆகவே, டி.சி.யை இன்றே கொடுக்கவும், அதனால் அந்தப் பிரிவை மூடாதிருக்கவும், மலைப் பள்ளிக்கு உயிரியல் ஆசிரியர் போடவும் உத்தரவிட வேண்டுகிறேன். கோகிலா துணிப்பையோடு தங்கள் அலுவலக வாசலில் என் பக்கத்தில் நிற்கிறாள். சாயங்காலம் மலைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு டிக்கெட் எடுப்பதா, இரண்டு எடுப்பதா என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

இடம்: கள்ளக்குறிச்சி
நாள்: 29.07.2024

இப்படிக்கு,
மாயவன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)

மனுதாரருக்குப் படித்துக் காட்டப்பட்டது. வெற்றிலை சங்கதியை எடுத்துவிடலாம் என்றேன், கூடாது என்றார்.
– மனு எழுதியவர், ராஜாங்கம்